சம்பந்தி வீட்டாருக்கு வைஃபை

அமுதவள்ளி அந்த ஹோட்டலை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்தாள். அதுவும் இரண்டு தடவை. மலேசியாவின் கிள்ளானில், லிட்டில் இந்தியாவுக்குப் பின்புறத்துத் தெருவில், கல்யாண மண்டபத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது அது. முதல் தடவை போனபோது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சுடுதண்ணீர் எப்போது வருகிறது பார்ப்போம் என்று கையை நீட்டியபடி நின்றாள். மெத்தையை அழுத்திப் பார்த்தாள். லிஃப்டில் ஏறி இறங்கினாள். வேன் நிறுத்த இடம் உண்டா, காலைப் பசியாறலில் சைவம் தனியாக வைப்பார்களா, வயதானவர்களுக்குக் கீழ்மாடியில் அறை கிடைக்குமா என்றெல்லாம் கேட்டாள். அடுத்த வாரம் கணவர் திருச்செல்வத்தையும் இழுத்துக்கொண்டு போய், அதே கேள்விகளை அவர் முன்னால் மறுபடியும் கேட்டாள்.

"வீடு வாங்குறப்பகூட நீ இவ்வளவு கேள்வி கேக்கல அமுதா," என்றார் அவர்.

வீடு வாங்கியது இவர்கள் இருப்பதற்கு. இது சம்பந்தி வீட்டார் இரண்டு நாள் தங்குவதற்கு. இரண்டும் ஒன்றா?

கிளம்பும்போது மேனேஜர் ஜமாலிடம் கடைசியாக ஒன்று சொன்னாள். "தம்பி, அவங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. என்ன கேட்டாலும் குடுங்க. ஆனா அவங்க கையிலேருந்து ஒரு சென் காசுகூட வாங்கக் கூடாது. மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன் ஆன்டி," என்றான் ஜமால். சொன்னபடி மறக்கவும் இல்லை. வினை அதிலிருந்துதான் வந்தது.

அவளுடைய பயத்துக்கு ஒரு கதை உண்டு. ரவாங்கில் அவளுடைய கல்யாணம் நடந்தபோது, கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த ஆரஞ்சு சோடா போதாமல் போயிற்று. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் போனது. அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகுதான் சொன்னார்கள். குழம்பு கொஞ்சம் குறைந்தால், பலகாரம் தட்டில் இரண்டு கம்மியாக இருந்தால், நாத்தனார் இராஜம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்: "அவங்க வீட்டுல எல்லாமே அளவாத்தான் இருக்கும், சோடா மாதிரி." எல்லாரும் சிரிப்பார்கள். அமுதவள்ளியும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்று இன்னொரு பெயர் சேரும்.

அந்தப் பேச்சு எப்படியோ அவளுடைய அப்பாவின் காதுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் மகளைப் பார்க்கக் கிள்ளானுக்கு வந்த ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி சோடாவைத் தோளில் வைத்துக்கொண்டுதான் வந்தார். கோமுட்டர் ரயிலில் அந்தப் பெட்டியோடு இடம் தேடி உட்கார்ந்து வருவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். எதற்கு என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சாகும்வரை அப்படித்தான்.

கல்யாணத்தில் பிறக்கிற சொல் கல்யாணத்தோடு முடிந்துபோவதில்லை, பெண்ணோடு சேர்ந்து அதுவும் வண்டியேறிவிடுகிறது என்று அமுதவள்ளிக்குத் தெரியும். தன் மகள் மாதவியோடு அப்படி ஒன்றும் ஏறக் கூடாது. மற்றபடி மண்டபத்தின் பூ அலங்காரம் எப்படி இருந்தாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

மாதவிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை முகுந்தன் ஈப்போக்காரன். நல்ல பையன், அதிகம் பேசாதவன். அவன் அம்மா உஷாராணி தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அதிகம் பேசாதவர். ஆனால் பையன் பேசாமல் இருப்பது வேறு, அம்மா பேசாமல் இருப்பது வேறு. நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றி முடித்து எல்லாரும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த முகத்தில் திருப்தி இருக்கிறதா இல்லையா என்று அமுதவள்ளி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பேசுவதற்கென்று அந்தக் குடும்பத்தில் தனியாக ஒருவர் இருந்தார். உஷாராணியின் அண்ணன், முகுந்தனின் தாய்மாமன் பக்கிரிசாமி. ஈப்போவில் லோரி டயர்க் கடை வைத்திருந்தார். "பாயசம் நல்லாருக்கு. சீனியைத்தான் யாரோ பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாங்க போல," என்று சொல்லிவிட்டு, இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தவர் அவர்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவர்கள் ஒரு வேனிலும் ஒரு காரிலுமாக மத்தியானம் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தார்கள். திருச்செல்வம் வாசலிலேயே நின்று வரவேற்று, பழக்கூடைகளை அறைகளுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் மாதவிக்கு நலங்கு நடந்துகொண்டிருந்தது. மஞ்சளும் எண்ணெயுமாக இருந்த கையால் தொடவேண்டாம் என்று அமுதவள்ளி தன் போனைக் குளிர்ப்பெட்டியின் மேல் சார்ஜில் போட்டிருந்தாள். அது மூன்று முறை அடித்து ஓய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நலங்கு முடிந்து மாதவி குளிக்கப் போனபோது, திருச்செல்வம் தன் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தார். "பக்கிரிசாமி அண்ணன்," என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னா சம்பந்தி, ரூமெல்லாம் ஜோரா இருக்கு," என்றது குரல். "காத்து வருது, சுடுதண்ணி வருது. இந்த வைஃபை மட்டும் வரமாட்டேங்குது. போன் லைன் இருக்கே, அது ஜன்னல்கிட்ட போய் நின்னு கையைத் தூக்குனாத்தான் ஒரு கோடு காட்டுது. கீழ போய்க் கேட்டா, லாபியில மட்டும்தான் சும்மா, ரூமுக்குன்னா தனியா கட்டணும்ங்கிறான். சரி லா, கட்டிடுறேன்னு காசை நீட்டுறேன், அதையும் வாங்க மாட்டேங்கிறான்! ஏன் சம்பந்தி, எங்க ஈப்போ காசு கிள்ளான்ல செல்லாதா?"

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. ஒருவரல்ல, நாலைந்து பேர்.

அமுதவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். ஜமாலிடமிருந்து மூன்று அழைப்புகள், ஒரு செய்தி: சம்பந்தி வீட்டார் அறையில் வைஃபை கேட்கிறார்கள், உங்கள் கணக்கில் போடலாமா, சொல்லுங்கள் ஆன்டி.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. ஹோட்டலில் வைஃபைக்குத் தனிக் கட்டணம். அவர்கள் கட்டத் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள். வாங்கக் கூடாது என்று சொல்லி வைத்தது அவள். என்ன கேட்டாலும் குடு என்றிருந்தாலும், கூடுதல் காசு விழுவதை அவளைக் கேட்காமல் அவள் கணக்கில் ஜமால் போடமாட்டான். மரியாதைக்காக அவள் போட்ட கட்டளையே சம்பந்தி வீட்டாரை லாபிக்கு விரட்டிவிட்டது.

சுடுதண்ணீரைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள். வைஃபையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் அது பாட்டுக்கு இருக்கிறது. அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை. அவள் யோசித்து யோசித்துத் தயார் செய்ததெல்லாம் அந்தக் காலத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு. வந்து இறங்கியவர்களோ இந்தக் காலத்து மனிதர்கள்.

"காரை எடுங்க," என்றாள்.

வழியெல்லாம் திருச்செல்வம் ஹோட்டல்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தார். "துண்டு குடுக்குறான், சோப்பு குடுக்குறான், அதுக்கெல்லாம் காசா கேக்குறான்? பிரிக்பீல்ட்ஸ் டீக்கடையில ஒரு தே தாரிக் குடிச்சாக்கூட வைஃபை சும்மா தர்றான் லா. அந்தக் காலத்துல ஏர்கோன் ரூமுக்குத் தனிக் காசு வாங்குனானுங்க. இப்ப வாங்க முடியுமா? இதுவும் அப்படித்தான் போகும், பாரு."

அது போகட்டும், வரட்டும். நாளைக்குள் போகுமா? அமுதவள்ளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து வருடம் கழித்து, ஈப்போவில் ஏதோ ஒரு விசேஷத்தில், மாதவி பரிமாறிக்கொண்டிருக்கும்போது யாரோ சிரித்துக்கொண்டே சொல்லப்போகும் வாக்கியம் இப்போதே அவள் காதில் கேட்டது. 'அவங்க வீட்டுல எல்லாம் தருவாங்க, வைஃபை மாதிரி.' மாதவியும் சிரிக்கக் கற்றுக்கொள்வாள். அம்மாவைப் பார்த்தே வளர்ந்தவள்தானே.

லாபிக்குள் நுழைந்தபோது யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.  வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். சோபாவிலும் நாற்காலிகளிலும், அவை போதாமல் பெட்டிகளின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் தரையில். நடுவிலிருந்த குட்டை மேசையில், அவள் அனுப்பிய பழக்கூடையில் சாய்த்து ஒரே ஒரு போன் நிறுத்தப்பட்டிருந்தது. அதில் பூப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அரையிறுதி ஆட்டம், மலேசிய இரட்டையர் ஆடுகிறார்கள் என்று காலையில் வானொலியில் சொன்னது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"யாரு? யாரு இப்ப போனைத் திறந்தது?" என்று பக்கிரிசாமி எழுந்து நின்று கத்தினார். "படம் சுத்துது பாரு! இருக்குறதே ஒரு முழம் லைன். ஆளாளுக்கு இழுத்தா யாருக்கும் கிடைக்காது. எல்லாம் கவுத்து வை. ஏய், உன்னைத்தான் லா, கவுத்து வை!"

எல்லாருடைய போன்களும் முகம் குப்புறக் கிடந்தன. படம் மறுபடி நகர்ந்தது. கூட்டம் மூச்சு விட்டது.

யார் முகத்தையும் பாராமல் அமுதவள்ளி நேராக வரவேற்பு மேசைக்குப் போனாள். திருச்செல்வம் வாசலிலேயே நின்றுவிட்டார். ஜமால் எழுந்து நின்றான்.

"ஆன்டி, நான் மூணு வாட்டி போன் அடிச்சேன்."

"ஏம்பா, இதுக்கெல்லாமா தனிக் காசு?"

"நான் என்ன ஆன்டி செய்ய? ரூம் விலையக் குறைங்க குறைங்கன்னு நீங்கதான் கேட்டீங்க. எங்க முதலாளி இப்படித்தான் குறைக்கிறாரு. வைஃபையச் சேர்த்துப் போட்டா எல்லார் தலையிலயும் விழும். வேணும்ங்கிறவங்க கட்டட்டும், படுத்துத் தூங்குறவங்க எதுக்குக் கட்டணும்ங்கிறாரு."

அவள் விலையைக் குறைக்கச் சொன்னது உண்மை. ஒரு மணி நேரம் நின்று பேசினாள்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க சுடுதண்ணியப் பத்தியேதான ஆன்டி கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவள் கைப்பையைத் திறந்து வங்கி அட்டையை எடுத்தாள். "எல்லா ரூமுக்கும் போடு. எத்தனை போன் இருந்தாலும் சரி. இப்பவே போடு."

ஜமால் கணினிப் பக்கம் திரும்பினான். அப்போது யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"போடாதீங்க," என்றார் உஷாராணி.

 "சம்பந்தி, எங்க தப்புதான். எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க, ஒரு நிமிஷம், இதோ…"

"இப்படி வாங்க." மணிக்கட்டை விடாமலே அவளைத் தூணுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார். "அந்தச் சோபாவைப் பாருங்க. ரொம்பப் பாக்காதீங்க. சும்மா பாக்குற மாதிரி பாருங்க."

சோபாவில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் உஷாராணியின் கணவர் நாகையா. மற்றவர் அவருடைய தம்பி பரமேஸ்வரன். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடைவெளி. இரண்டு பேரும் குனிந்து அதே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் என்ன விசேஷம் என்று அமுதவள்ளிக்கு விளங்கவில்லை. பரமேஸ்வரனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவருக்கு அழைப்பிதழைத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஈப்போவரை போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

"கோயில் நிர்வாகத் தேர்தல்," என்றார் உஷாராணி மெதுவாக. "இவர் ஒரு அணி, தம்பி எதிரணி. மேடையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் என்னென்னமோ பேசிட்டாங்க. தேர்தல் முடிஞ்சு, அந்தக் கமிட்டியும் மாறிப்போச்சு, இவங்க மட்டும் மாறல. எங்க வீட்டுக்குப் பின்னாடித் தெருவுலதான் அவரு வீடு. பாசார்ல எதிரெதிர வந்தா இவரு மீன் கடைப்பக்கம் திரும்பிடுவாரு. இவரு சைவம்."

அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. உஷாராணி சிரிக்காததால் அடக்கிக்கொண்டாள்.

"முகுந்தனைத் தோள்ல போட்டு வளத்தவரு அவரு. கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரான்னு கடைசிவரைக்கும் தெரியல. தனிக் கார்ல வந்து இறங்குனாரு. மூஞ்சியில முழிக்க வேணாமேன்னு அவருக்கு மட்டும் மேல்மாடியில ரூம் கேட்டேன்."

அந்த மேல்மாடி அறைக்காக ஜமாலிடம் மறுபடி மன்றாடியதும், என்ன இவ்வளவு நொட்டை சொல்கிறார்கள் என்று மனதுக்குள் புழுங்கியதும் அமுதவள்ளிக்கு நினைவு வந்தது.

"வைஃபை இல்லன்னு இவரு கீழ வந்தாரு. கொஞ்ச நேரத்துல அவரும் இறங்கி வந்தாரு. உக்கார வேற இடமில்ல. ரெண்டு பேருக்கும் பூப்பந்துன்னா உயிரு. நீங்க இப்ப ரூமுக்குப் போட்டுட்டீங்கன்னா, ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிடுவாங்க. மறுபடி நான் எங்க போய் ஒரே சோபாவுல உக்கார வைக்கிறது?"

இவ்வளவு பேச்சை அவர் வாயிலிருந்து அமுதவள்ளி கேட்டதே இல்லை. அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். பக்கிரிசாமியைப் பார்த்தாள். இந்த அம்மாள் கேட்பது என்ன? குறை குறையாகவே இருக்கட்டும் என்கிறார். தீர்த்துவிட அட்டையை நீட்டிக்கொண்டு வந்தவளிடம், தீர்க்காதே என்கிறார். அவருக்கு இன்று ஒரு சோபா முக்கியம். நாளைக்குச் சோபாவை எல்லாரும் மறந்துவிடுவார்கள். வைஃபை இல்லாததை மறப்பார்களா?

"இது நாளைப்பின்னே எம்பொண்ணு தலையில வந்து விடியும் சம்பந்தி," என்றாள்.

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். இதையெல்லாம் சம்பந்தியிடம் சொல்வார்களா? தன் அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை.

உஷாராணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பள்ளியில் பிள்ளைகள் ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்லும்போது இப்படித்தான் பார்த்திருப்பார் போலும்.

"விடியாது," என்றார். "நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன் என்று எல்லாக் கல்யாணத்திலும் யாராவது யாரிடமாவது சொல்கிறார்கள். தாம்பூலப் பையைப்போல அந்த வார்த்தையும் எல்லார் கையிலும் ஒன்று போகும். அதை நம்பி மகளுடைய வாழ்க்கையைக் கொடுத்துவிட முடியுமா?

"ஆன்டி," என்று ஜமால் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தான். "போடவா, வேணாமா?"

அந்த நேரத்தில் சோபாவிலிருந்து நாகையாவின் குரல் கேட்டது. போனைப் பார்த்தபடியே, போனிடம் சொன்னார்: "அதை விட்டிருக்கணும். வெளியதான் போகுது."

பரமேஸ்வரனும் போனிடமே பதில் சொன்னார்: "விட்டா கோட்டுல விழுந்திருக்கும்."

"எங்க விழும்? ஒரு அடி வெளிய போகுது."

"சிலருக்குக் கண்ணே சரியில்ல. கண்ணாடி போடாம வந்தா அப்படித்தான்."

"கண்ணாடி ரூம்ல இருக்கு."

"போய் எடுத்துட்டு வர்றது."

"போனா யாரு ஆட்டம் பாக்குறது?" சொல்லிவிட்டு நாகையா ஒரு கணம் நிறுத்தினார். பிறகு தலையைத் திருப்பாமல், "உன்னோடதைக் குடேன்டா," என்றார்.

உஷாராணியின் விரல்கள் அமுதவள்ளியின் மணிக்கட்டில் இறுகின. வலித்தது. பரமேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, பக்கவாட்டில் நீட்டினார். நாகையா வாங்கி மாட்டிக்கொண்டார். அது அவருக்குச் சின்னதாக இருந்தது.

அமுதவள்ளி அட்டையைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "வேணாம்பா," என்றாள் ஜமாலிடம்.  அவள் வாழ்க்கையில் ஒரு குறையைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றது அதுதான் முதல் தடவை.

ஆட்ட இடைவேளை வந்தது. பக்கிரிசாமி சோம்பல் முறித்துக்கொண்டு திரும்பியவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"அடடே! சம்பந்தியம்மாவே நேரா வந்துட்டாங்க!" என்றார் லாபி முழுவதும் கேட்கும்படி. "என்னா தங்கச்சி, வைஃபை வந்துச்சா, இல்ல அதுக்கும் நாங்க சீர்வரிசையோட வந்து பொண்ணு கேக்கணுமா?"

சிரிப்பு எழுந்தது. எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். பழகிய உதடுகள் தாமாகவே சிரிக்கத் தொடங்கின.

"நான்தான்ணே வேணாம்னு சொன்னேன்."

உஷாராணி சத்தம் போடவில்லை. ஆனால் அது பள்ளிச் சபைகூடலில் பேசிப் பழகிய குரல். கடைசி வரிசைவரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. சிரிப்பு நின்றது.

"அவங்க பணத்தோடதான் வந்தாங்க. எல்லா ரூமுக்கும் போடுன்னு அட்டையை நீட்டுனாங்க. நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்துனேன். ஈப்போவிலேருந்து இவ்வளவு தூரம் வந்து, ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கிட்டுப் போனை நோண்டவா வந்தோம்? எத்தனை வருஷமாச்சு நாம எல்லாரும் இப்படி ஒரே எடத்துல உக்காந்து? இதப் பத்தி யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா எங்கிட்ட சொல்லுங்க. இன்னிக்கும் சரி, என்னிக்கும் சரி." கொஞ்சம் நிறுத்தினார். "எம் மருமக வர்ற நேரம் நல்லாருக்கு. யாரும் கெடுத்துடாதீங்க."

பக்கிரிசாமியின் வாய்தான் கூர்மை, மனிதர் முட்டாளல்ல. தங்கை முகத்தைப் பார்த்தார். பிறகு சோபாவைப் பார்த்தார். தம்பியின் கண்ணாடி அண்ணன் மூக்கில் இருப்பதைப் பார்த்தார்.

"அதுவும் சரிதான்," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "ரூம்ல போட்டுட்டா நம்ம பேச்சை எவன் கேப்பான்? ஏய், யாரு லா அது, பேசுற சாக்குல போனைத் திறந்தது? கவுத்து வை!"

 நாகையா காலை மடக்கி, தம்பி பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். தரையிலிருந்த குழந்தை ஒன்று எழுந்துவந்து, காலியாகக் கிடந்த மறுகோடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எதிர்க்கடையில் எல்லாருக்கும் வடையும் தே தாரிக்கும் கட்டி வாங்கிவந்தார்கள். ஆட்டம் முடியும்வரை திருச்செல்வமும் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்தார். நம்மவர்கள் தோற்றுப்போனார்கள். அதற்கு யார் காரணம் என்று அண்ணனும் தம்பியும் நேருக்கு நேராகவே வாதாட ஆரம்பித்தார்கள்.

வீடு திரும்பும்போது அமுதவள்ளி உஷாராணி சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தாள். மருமகள் வருகிற நேரம். நல்ல சொல்தான். ஆனால் நல்ல சொல்லுக்கும் கனம் உண்டு. நாளை மறுநாள் ஈப்போவுக்குப் போகிற வழியிலேயே அந்த இரண்டு பேரும் மறுபடி முறைத்துக்கொண்டால், அதுவும் அவள் வந்த நேரமாகத்தானே ஆகும்? அவளுக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தும் மனம் லேசாக இருந்தது. அது அந்தச் சொல்லால் வந்த லேசு இல்லை. ஒரு சொல் பாய்ந்து வந்தபோது உஷாராணி அதற்குக் குறுக்கே நின்றாரே, அது. மாதவிக்கு முன்னால் நிற்க அந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார். ஒரு பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் இதைவிட வேறென்ன சீர் வேண்டும்?

அதை நினைத்தபோதுதான் இன்னொன்றும் விளங்கியது. இத்தனை வருடமாக நாத்தனார் மேல் தனக்குக் கோபம் என்றுதான் எண்ணியிருந்தாள். சொன்னவள் ஒருத்தி. சும்மா இருந்தவர்கள்தான் அத்தனை பேர்.

"அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள்.

என்றைக்கு என்று திருச்செல்வம் கேட்கவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. அது பச்சையாக மாறும்வரை ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருக்கலாம்தான்," என்றார். பிறகு, "சொல்லியிருக்கணும்," என்றார்.

அவள் அவர் கைமேல் தன் கையை வைத்தாள். மஞ்சள் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம் நல்லபடி முடிந்தது. தாலி ஏறிய பிறகு, சம்பந்திகள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுத் துண்டு போர்த்தும் மரியாதை. திருச்செல்வம் மாலையோடு நின்றார். நாகையாவை அழைத்தார்கள். மணமேடைப் படியில் ஏறியவர் பாதியில் நின்று, கூட்டத்தைப் பார்த்து, "பரமு, வாடா. என்னை மட்டும் தனியா நிக்க வைப்பியா?" என்றார்.

பரமேஸ்வரன் முன்வரிசையிலிருந்து எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார். முகுந்தன் மணமேடையிலிருந்து தலையைத் திருப்பி அவர்கள் இருவரையும் பார்த்தான். மாதவியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னான். உஷாராணி முந்தானையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டார்.

அமுதவள்ளி தாம்பாளத்தைப் பார்த்தாள். துண்டுகள் மிச்சம் இருந்தன. மாலை இல்லை. நாகையாவுக்கு என்று ஒன்று, அது கணவர் கையில் இருந்தது. பரமேஸ்வரனும் மேடையேறி நிற்பார் என்று யார் கண்டது?

பழைய பயம் ஒரு முறை தலைதூக்கியது. யாருக்கும் தெரியாமல் யாரையாவது கூப்பிட்டு, கிசுகிசுத்து, பூஜை மாலையையாவது எடுத்துவரச் சொல்லி… அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாலை ஒண்ணு குறையுது," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி.

 உஷாராணிதான் முதலில் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அமுதவள்ளியும் சிரித்தாள்; இந்த முறை உதடுகள் தாமாகச் சிரித்த சிரிப்பு இல்லை.

"மாலைதான, அதுக்கென்ன? இருங்க தங்கச்சி, நான் போய் வாங்கிட்டு வரேன்," என்று பக்கிரிசாமி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "எங்க பக்கத்து ஆளு மேடையேறுவாருன்னு எங்களுக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? தெங்கு கிளானா ரோட்டுல பூக்கடை தொறந்திருக்குமா?"

"தொறந்திருக்கும் அண்ணே. ரெண்டாவது கடையில வாங்குங்க, ரோஜா நல்லாருக்கும்," என்றாள் அமுதவள்ளி.

அவர் ஓட்டமும் நடையுமாக வெளியே போனார். நாதஸ்வரக்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு இன்னொரு பாட்டை ஆரம்பித்தார். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் உரச மேடையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மாலைக்காக மண்டபமே காத்திருந்தது. அமுதவள்ளிக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.